கேஸ் ஆபீஸ் பெண்

சிங்காநல்லூர்
20.2.1996

அன்புள்ள இளவேனிலுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், முக்கால்வாசி சுகம் என்று வைத்துக்கொள். கோவாவில் உன் உடம்பு எப்படி, அந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அசதியாக இருக்கிறது கண்ணு, இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை படுத்து எழுந்துவிட்டேன், ஆனாலும் நான் செய்த தப்பை நானே சொல்லிவிட வேண்டும். சென்னிமலையிலிருந்து உன்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் பொண்ணுக்கு என்னங்க வேலை என்று கேட்டபோது, கடலோரத் தண்ணீரிலிருந்து தானாகக் கிளம்பிக் காற்றில் கலக்கிற வாயுவை அளக்கிறாள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேஸ் சம்பந்தப்பட்ட வேலைங்க என்று சொல்லிவைத்தேன். அவர்கள் அதைச் சிலிண்டர் கொடுக்கிற ஆபீஸ் என்று பிடித்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. மாப்பிள்ளையின் அம்மா கனெக்‌ஷனுக்குப் பதிந்து நாலு வருடமாகக் காத்திருக்கிறாராம், ஏனுங்க, நம்ம பொண்ணு ஒரு வார்த்த சொன்னா சீக்கிரம் வந்துருமுங்களா என்று கேட்டார். அந்தச் சந்தோஷத்திலேயே அடுத்த மாதம் எட்டாம் தேதி நிச்சயம் என்று முடிவும் செய்துவிட்டார்கள். ஆறாம் தேதி கப்பல் ஏறுவதாகவும், இந்தத் தடவை விட்டால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்றும் நீ எழுதிய கடிதம் மறுநாள் வந்தது.

நேற்று பஸ் ஏறிச் சென்னிமலைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். நீ எழுதியிருந்தபடியே, ஆழமில்லாத கடலில் அடிச்சேற்றில் வாயு உண்டாகிறது, நம் குளத்துச் சேற்றை மிதித்தால் குமிழி வருமே அந்த மாதிரி என்றேன். மாப்பிள்ளையின் அப்பா சிரித்துவிட்டு, கடல் உடற காத்த அளக்கறதுக்கெல்லாமுங்களா சம்பளம் குடுக்கறாங்க என்றார். எனக்கு வந்ததே கோபம். இருவத்தாறு வருசம் மில்லுல பஞ்சுத்தூசி தின்னவனுங்க நானு, டாக்டரு குழாயில ஊதச் சொல்லி எம்மூச்ச அளக்கறப்ப யாரும் சிரிக்கறதில்லீங்க, எம்பொண்ணு கடலுக்கு அந்த வேலையத்தானுங்க செய்யறா என்று சொல்லிவிட்டு, வைத்த காபியைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டேன். நிச்சயம் நின்றுபோனது. நல்ல இடத்தக் கெடுத்துப்போட்டீங்களே என்று அம்மா இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறாள். எனக்கும் வருத்தம்தான், ஆனால் உன் வேலையைச் சொல்ல வெட்கப்பட்டேனே, அந்த வருத்தம்தான் பெரிது.

இன்னொன்று. போன வாரம் ஊதியதில் அளவு முந்தியதைவிட நன்றாகவே குறைந்திருக்கிறது என்றார் டாக்டர். அம்மாவிடம் சொல்லவில்லை. அளந்து எழுதுகிறவள் நீ, உன்னிடம் மறைக்க மனம் வரவில்லை. இதைப் படித்துவிட்டு ஓடி வந்துவிடாதே, ஆறாம் தேதி கப்பல் ஏறு. கடல்காற்றுக்குக் காதில் துணி கட்டிக்கொள். கரை இறங்கியதும் ஒரு கார்டு போடு, அதுவரைக்கும் என் மூச்சைப் பத்திரமாக வைத்திருப்பது என் பொறுப்பு.

ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு கண்ணு.

உன் அப்பா
ராசப்பன்