ஈசானிய மூலைக் கால்

நவம்பர் 19, காலை 6.10

தொட்டி நீர்மட்டம் 1.31 மீட்டர். வெப்பம் 27 டிகிரி. அலை எழுப்பும் பலகையின் கீல்களுக்கு எண்ணெய் இட்டேன். மாதிரியின் நான்கு கால்களும் இறுக்கமாக உள்ளன.

இக்குறிப்பேட்டைப் பின்னர் வாசிப்பவருக்கு: இது கடற்கரையிலுள்ள அலைக்கூடம். கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி, இருபத்தொரு மீட்டர் ஆழத்தில், 'நெய்தல்' என்ற ஆய்வு மனை நிற்கிறது. வடிவமைத்தவள் நான். தொட்டிக்குள் இருப்பது அதன் மாதிரி, பதினாறில் ஒரு பங்கு. இந்த அளவில் அலைகள் விரைந்து வந்துபோகும். ஆகவே தொட்டியில் ஒரு நிமிடம் ஓடினால் கடலின் நான்கு நிமிடம் முடிந்துவிடும்.

கீழே மூவர். டாக்டர் நசீமா தலைமை. ரொசாரியோ மிராண்டா முக்குளிப்பவர். பிச்சைக்கனி காற்று எந்திரங்களைக் கவனிப்பவர். மனையின் ஒரு முனையில் தரையில் திறந்த குளம் இருக்கிறது. அதற்குக் கதவு இல்லை. உள்ளே அடைத்த காற்றின் அழுத்தமே கடலை வெளியே நிறுத்துகிறது. அந்த அழுத்தம் மூவர் உடலிலும் ஊறிவிட்டது. பதினெட்டு மணி நேரம் படிப்படியாகக் குறைக்காமல் மேலே வந்தால் இரத்தத்தில் குமிழி கட்டிச் சாவார்கள்.

வடக்கே போகும் என்ற புயல் தெற்கே திரும்பியிருக்கிறது. துணைக்கப்பல் நேற்றே துறைமுகத்துக்குள் போய்விட்டது.

காலை 8.40. சோதனை 48

புயல் அலையைத் தொட்டியில் ஓட்டினேன். இன்று மாலைவரை எதிர்பார்க்கும் உயரம் முழுவதும். மாதிரியின் அறைகளில் வைத்த மையொற்றுத் தாள்கள் மூன்றும் உலர்ந்தே இருந்தன.

முடிவு: ~~தாங்கும்.~~ ம.சி. கீழே தெரிவித்தேன்.

உதவியாளர்களையும் காவலாளியையும் மேட்டுக்கு அனுப்பினேன். என்னையும் அழைத்தார்கள். மறுத்தேன்.

காலை 10.05

ரேடியோ. மிராண்டா: "மேடம், ஒங்க தொட்டியில இதுக்குப் பேரு தாங்குறதா? கட்டில்ல இருந்து ரெண்டு தடவ விழுந்துட்டேன். பல்லு ஒண்ணு போச்சு."

பின்னாலிருந்து பிச்சைக்கனி: "ஏற்கெனவே ஆடிட்டிருந்த பல்லுதான் மேடம், பொய் சொல்றான்."

நசீமா குறுக்கிட்டார்: "மேடம், அடி மனையோட மூக்குல விழல. விலாவுல விழுது. ஒவ்வொரு அலைக்கும் சுவர் உள்ள வந்து போகுது. நீங்க எந்தப் பக்கம் வச்சு ஓட்டினீங்க?"

பார்த்துச் சொல்வதாகக் கூறினேன். பார்க்க ஒன்றுமில்லை. எனக்குத் தெரியும்.

காலை 10.30

உண்மையை எழுதுகிறேன்.

என் வரைபடத்தில் மனையின் மூக்கு தென்கிழக்கைப் பார்த்தது. இக்கடலில் கொல்லும் அலை அங்கிருந்துதான் வரும். குளம் வடமேற்கு முனையில் இருந்தது. இறக்குவதற்குப் பத்து நாள் முன்பு மனைக்குப் பணம் தரும் அறக்கட்டளையின் தலைவர் தம் வாஸ்து நிபுணரை அழைத்து வந்தார். அவர் வரைபடத்தில் விரலை வைத்து, நீர்நிலை ஈசானிய மூலையில், வடகிழக்கில்தான் இருக்க வேண்டும் என்றார். நான்கு புறமும் மேலும் கடல். அதற்குள் நீர்நிலைக்கு ஒரு மூலை! நான் சிரித்தேன். தலைவர் சிரிக்கவில்லை. "திருப்பி வச்சா என்னம்மா, நாலு காலும் நாலு காலுதானே?" என்றார்.

மனையைத் தொண்ணூறு பாகை திருப்பக் கையெழுத்திட்டேன். திருப்பியதும் அதன் நீண்ட விலா புயலுக்கு நேரே வந்தது. மறுசோதனை கேட்டிருக்க வேண்டும். மாதிரிச் சோதனை முடிந்தது, இனி மாற்றமில்லை என்று குழுவின் முன் நானே அறிவித்திருந்தேன். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற மனமில்லை.

இன்று காலையும் மாதிரியைப் பழைய திசையிலேயே வைத்து ஓட்டினேன். திருப்பினால் அன்றே தவறினேன் என்று ஆகுமே என்பதற்காக.

பிழையை அழிக்காதே, ஒற்றைக்கோடிட்டு முதலெழுத்துப் போடு என்று பள்ளியில் மதர் பெர்னதெத் எங்களுக்குக் கற்பித்தார். 8.40 குறிப்பில் 'தாங்கும்' என்ற சொல்லின்மேல் கோடிட்டேன். ம.சி.

மாதிரியைத் திருப்பிவிட்டேன். 10.35க்கு ஓட்டம் தொடங்கும்.

காலை 11.02. சோதனை 49

இருபத்தேழாம் நிமிடம் ஈசானிய மூலைக் கால் முறிந்தது. எலும்பு ஒடிவது போன்ற சத்தம். குளத்து முனை எகிறியது. உள்ளிருந்த காற்று ஒரே கொப்பளிப்பில் வெளியேறியது. அடுத்த அலை மாதிரியைத் தொட்டிச் சுவரில் அறைந்து கவிழ்த்தது. மூன்று தாள்களும் கூழாயின.

கடல் நேரத்தில் நூற்றெட்டு நிமிடம்: 12.23.

காலை 11.31. சோதனை 50

புதுக் கால் பொருத்தி, புயலின் உச்ச அலைகளை மட்டும் ஓட்டினேன். இம்முறை குளத்தை ஒட்டிய படுக்கையறையின் கூரை வால்வைத் திறந்து, அந்த அறையை நீரால் நிரப்பினேன். அந்த முனை கனத்து மணலில் அமர்ந்தது. எஞ்சிய காற்று மறுமுனை ஆய்வறையில் நின்றது. கால் முறிந்தது. மனை எழவில்லை.

ஆய்வறைத் தாள் உலர்ந்திருந்தது.

அறை நிரம்பப் பதினான்கு நிமிடம் ஆகும். வால்வு 12.09க்குள் திறக்க வேண்டும். மூவரும் ஆய்வறைக்குள் போய்க் கதவை அடைத்தபின் அங்கிருந்தே திறக்கலாம். கீழே கூப்பிடுகிறேன்.

காலை 11.41

நசீமா: "படுக்கையறையா? மேடம், இப்பத்தான் சிலிண்டர் அடுக்கு பேர்ந்து விழுந்துச்சு. பிச்சைக்கனி அடியில கெடக்கார். வலது கால், முட்டிக்குக் கீழ."

நெம்புங்கள் என்றேன். நெம்பினார்கள். ஒவ்வொரு அலைக்கும் அடுக்கு எழுந்து மறுபடி அவர் காலிலேயே விழுந்தது. அந்த ஒலியும் அதற்குப் பின் வந்த ஒலியும் ஒலிபெருக்கியில் கேட்டன.

மிராண்டா: "சங்கிலி போட்டு இழுத்தாச்சு. சங்கிலி அறுந்து என் கன்னத்தக் கிழிச்சிட்டு. எவ்வளவு நேரம் இருக்கு மேடம்? சரியாச் சொல்லுங்க."

"வால்வுக்கு இருபத்தெட்டு நிமிடம்."

நசீமா: "கால வெட்டி எடுத்தா வெளிய வந்துருவார். மயக்க மருந்து ஆய்வறைல இருந்துச்சு, பெட்டியோட நொறுங்கிப் போச்சு. அடுக்கத் தூக்கினா போதும்னு இன்னும் நம்பிக்கிட்டிருக்கேன். நீங்க சொல்லுங்க மேடம். அந்த 12.23 நிச்சயமா?"

காலையில் அவர்களுக்கு ஒரு நிச்சயம் கொடுத்தேன். அது பொய்யானது. இப்போது அதே வாயால் இன்னொன்று.

"காலையில் சொன்னது என் தவறு. மாதிரியைத் திருப்பாமல் ஓட்டினேன். இது திருப்பி ஓட்டியது. நிச்சயம்."

பிச்சைக்கனி: "தப்ப ஒத்துக்கிட்டீங்கல்லா, அப்ப இது சரியாத்தான் இருக்கும். டாக்டரம்மா, வெட்டுங்க. லே மிராண்டா, அந்தப் பக்கம் மூஞ்சத் திருப்பாத. என்னயப் புடி."

நண்பகல் 12.00

குழாய் அறுக்கும் காற்று ரம்பம். நான்கு நிமிடம் பத்து வினாடி. என் கணவரின் கைக்கடிகாரத்தில் பார்த்தேன். அவர் போய் எட்டு ஆண்டுகளாக அது ஒரு வினாடியும் பிந்தியதில்லை. நடுவில் ரம்பம் இருமுறை எலும்பில் சிக்கி நின்றது. பிச்சைக்கனி என் பெயரைச் சொல்லித் திட்டினார். நல்ல தமிழில் எழுதக்கூடிய சொற்கள் அல்ல. ஒலியைக் குறைக்கவில்லை. கேட்க வேண்டியவள் நான்.

பிற்பகல் 12.08

மிராண்டா: "மூணு பேரும் ஆய்வறைல. கதவ அடைச்சாச்சு. கட்டு போட்டாச்சு. வால்வு தொறந்தாச்சு."

ஒரு நிமிடம் மிச்சம்.

பிற்பகல் 12.26

மனையின் கால் 12.24க்கு முறிந்தது. மாதிரி சொன்னதைவிட ஒரு நிமிடம் பிந்தி. இடி விழுந்தது போல ஒரு சத்தம். பின் நசீமா: "உக்காந்துட்டு மேடம், எழும்பல. தண்ணி இந்த அறைக்கு..."

மனைக்கு மேலே மிதந்த ரேடியோ மிதவை அறுந்திருக்க வேண்டும். ரேடியோவில் இரைச்சல் மட்டுமே.

பிற்பகல் 1.15

மீட்பு அலுவலகத்தைத் தொலைபேசியில் பிடித்தேன். அதிகாரி மரியாதையாகப் பேசினார். "கால் ஒடிஞ்சு, லைனும் போச்சுன்னா, உசுரோட இருப்பாங்கன்னு எதை வச்சும்மா சொல்றீங்க? புயல் விட்டதும் உடல்களைத் தேடுவோம்." மாதிரியை வைத்துச் சொல்கிறேன் என்றேன். "காலைல தாங்கும்னு சொன்னதும் அந்த மாதிரிதானேம்மா?" என்றார். பதில் சொல்லும்முன் தொலைபேசிக் கோபுரம் விழுந்தது.

ஆய்வறையில் காற்று நாற்பது மணி நேரத்துக்கு உண்டு. நாளை மறுநாள் அதிகாலை நான்கு மணிவரை. உடல்களைத் தேடுபவர்கள் அவசரப்பட மாட்டார்கள்.

கடல் கூடத்தின் வாசலை உடைத்துவிட்டது. நீர் முழங்கால் அளவு. ஜெனரேட்டர் மேடைமேல் இருக்கிறது, ஓடுகிறது. புயலின் எஞ்சிய பகுதி முழுவதையும் தொட்டியில் ஓட்டிப் பார்க்கிறேன்.

பிற்பகல் 2.20. சோதனை 51

மேற்குச் சுவர் விழுந்தது. ஒரு செங்கல் என் தோளை உடைத்திருக்கிறது. இடது கை எழவில்லை. பரவாயில்லை, எழுதுவது வலக்கை.

ஓட்டம் முடிந்தது. புயலின் கடைசி அலைவரை மாதிரி அசையவில்லை. ஆய்வறை மூடியைத் திறந்தேன்.

தாள் உலர்ந்திருக்கிறது.

2.35

நீர் இடுப்புக்கு மேல். கூரைத் தகடுகள் கத்திகளாகப் பறக்கின்றன. ஜெனரேட்டர் நின்றுவிட்டது. வெளியே போக வழியில்லை.

இக்குறிப்பேட்டை மாதிரியின் ஆய்வறைக்குள் வைத்து மூடி திருகப் போகிறேன். ஒரு கையால் எட்டு நட்டுகள். கடல் இந்தக் கூடத்தை என்ன செய்தாலும் மாதிரியைத் தேடி எடுங்கள். திறந்து பாருங்கள்.

இக்குறிப்பேட்டின் தாள்கள் உலர்ந்திருந்தால் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஆய்வறைக்குக் கீழ்க்கதவு தனியாக உண்டு. தென்மேற்கு முனை. அழுத்த மணியோடு, அதே அழுத்தத்தில் ஆளை மேலேற்றும் கலத்தோடு, போங்கள். பதினெட்டு மணி நேரம், ஒரு நிமிடமும் குறைக்காதீர்கள். பிச்சைக்கனிக்கு இரத்தம் கொண்டு போங்கள். ஓ பாசிட்டிவ்.

பென்சிலால் எழுதியிருக்கிறேன். நனைந்தாலும் வாசிக்கலாம்.

~~நனைந்திருந்தால்~~ ம.சி.

உலர்ந்திருக்கும். போங்கள்.