என் வயிற்றில் இருந்த கிருமி

வக்குவா
ஆகஸ்ட் 1997

சௌபாக்கியவதி கனகத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இந்தத் தீவில் தூறலும் குளிரும் விட்டபாடில்லை, அங்கே லியோனில் வெயில் என்று எழுதியிருந்தாய், குழந்தைக்கு வேர்க்குரு வராமல் பார்த்துக்கொள். அப்பா கோயிலும் பூஜையுமாகச் சௌக்கியம். என்னைப் பற்றி எழுதத்தான் பேனா ஓடவில்லை.

போனில் அல்சர் என்று சொன்னது பாதிதான். மார்ச்சில் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் ரோபெர், ஒரு கட்டி இருக்கிறது, புற்றுநோய் வகை என்றார். அவருடைய பிரெஞ்சு எனக்கு எங்கே புரிந்தது, தையல் ஆலையில் லீவு சொல்லிவிட்டுத் துணைக்கு வந்த பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாதான் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "மாமி, வயித்துல மிக்ரோப் இருக்காம், ரொம்ப வருஷமா. அதுதான் கட்டி வளர்த்துச்சாம்." புற்றுநோய் என்றதற்குக்கூட நான் அழவில்லை கனகம், கிருமி என்றதும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குளிக்காமல் அடுப்பைத் தொடாதவள், சுவாமிக்கு நைவேத்தியம் சமைக்கிறவள். கோயிலில் சொல்லிவிடாதே என்று அவள் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "பா பேர் மாமி, பயப்படாதீங்க, உலகத்துல பாதிப் பேருக்கு இருக்காம், எனக்கும் இருக்கும்" என்று சிரித்தாள். அப்படியும் நான் மடைப்பள்ளிப் பக்கம் போகவில்லை, இடுப்புவலி என்று அப்பாவைச் சொல்லச் சொன்னேன்.

இந்த வகைக் கட்டி, கிருமி செத்தால் தானும் சுருங்கலாம், இல்லாவிட்டால் வேறு வைத்தியம் என்று டாக்டர் இரண்டு வாரம் மாத்திரை கொடுத்தார். வாயெல்லாம் தகரம் போலக் கசந்தது. போன வாரம் மறுபடி பார்த்தார்கள், கட்டி இருந்த இடம் தெரியவில்லை. வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

சந்தோஷமாக எழுதவேண்டியவள் கூசிக் கூசி எழுதுவது ஏனென்றால், இந்தக் கிருமி சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே வாய் வழியாகத் தொற்றுமாம். பல் முளைக்காத உனக்கு நான் தோசையை மென்றுதானே ஊட்டினேன். அதோடு இதையும் கொடுத்தேனோ என்னவோ. எல்லாருக்கும் கட்டியாகாது, மிகச் சிலருக்குத்தான், பதறாதே. ஆனாலும் அங்கே டாக்டரிடம் அம்மாவுக்கு இப்படி இருந்தது என்று சொல்லிப் பரிசோதித்துக்கொள். குழந்தைக்கு எதையும் மென்று ஊட்டாதே, கரண்டியால் மசித்துக் கொடு. முடிவைப் போனில் சொல்லாதே, அப்பா சத்தமாகத் திருப்பிச் சொல்வார், நாலு பேர் காதில் விழும். கடிதம் போடு.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ முருகன் துணை இருப்பான். கையெழுத்துப் போடப்போனேன், படித்துப் பார்த்த அப்பா, "நீ மட்டுமா மென்று ஊட்டினாய், நானும்தானே? என் பெயரையும் போடு" என்றார். போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா வேதநாயகி
அப்பா சாம்பசிவம்