கனடாவை வதிவிடமாகவும் கொண்ட

உன் முதுகுப்பையை நேற்று நிலவறையிலிருந்து மேலே கொண்டு வந்தேன். ஈரச் சீமெந்தின் மணம் அதில் ஏறிவிட்டது. முன்பக்கத்தில் நீ தைத்திருந்த சின்னக் கனடாக் கொடி மூன்று ஓரங்களில் பிரிந்து நாலாவதில் தொங்குகிறது. சமையலறை மேசையில், எழுதாத தாளுக்குப் பக்கத்தில் அதை வைத்திருக்கிறேன்.

எழுத வேண்டியது உன் மரண அறிவித்தல். உன் மனைவி றெஜினா கனடாவில், ஸ்காபரோவிலிருந்து அழைத்துக் கேட்டார். "அண்ணை, நீங்களே எழுதித் தாங்கோ. வேறை ஆர் எழுதினாலும் அவர் பிழை பிடிப்பார்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு விளங்கியது. இருவரும் கொஞ்சம் சிரித்தோம்.

நம்மவர் அறிவித்தல்களுக்கு ஒரே அச்சுத்தான். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், இன்ன நாட்டை வதிவிடமாகவும் கொண்ட இன்னார். அதன் கீழே உறவுகளின் பெயர்கள். அவர்களில் முன்பே இறந்தவர்களின் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று ஒரு சொல். பத்திரிகையில் வேலை செய்த காலம் முழுக்க இதை எழுதியவன் நான். உன்னுடையதில் உன் அண்ணன் அன்ரனின் பெயர் வருகிற இடத்தில் நின்றுவிட்டேன். அந்தச் சொல்லைப் போடுவதா, விடுவதா என்று தெரியவில்லை.

இலங்கையில் போர் முடிந்த அந்த மே மாதம் நீ இங்கே டென்மார்க்கில், வைலேயில் என் வீட்டில் இருந்தாய். இதே ஊரில் இருக்கும் உன் தங்கையின் மகளுக்குத் தேவாலயத்தில் உறுதிபூசுதல் சடங்கு. அவள் வீடு விருந்தினரால் நிறைந்திருந்தது. நீயும் நானும் ஒருகாலத்தில் இங்கே ஒரே இறைச்சித் தொழிற்சாலையில் கத்தி பிடித்தவர்கள். பிறகு நீ கனடாவுக்குப் போனாய். திரும்பி வந்தபோது ரயில் நிலையத்தில் நான் முதலில் கண்டது அந்தக் கொடியைத்தான்.

"இதென்னடா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி?"

"கனடாக்காரர் வெளியில போனா இப்பிடித்தான் குத்திக்கொண்டு திரிவினம். இல்லாட்டி அமெரிக்கன் எண்டு நினைச்சுப் போடுவாங்கள்."

"உன்னைப் பாத்து எவன்ரா அமெரிக்கன் எண்டு நினைக்கப் போறான்?"

மேடையில் நின்ற டேனிஷ் கிழவி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு நீ சிரித்தாய்.

அன்ரன் அப்போது போர் நடந்த வன்னிக்குள் இருந்தான். கடைசியாக மாசியில் ஒருமுறை உன்னோடு பேசியிருந்தான். தொலைக்காட்சியையும் கணினியையும் ஒன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு இந்த மேசையில் இருந்தோம். காத்திருக்கிற நேரங்களில் நீ கனடாவைப் பற்றிக் கதைத்தாய். குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்தது உனக்கு மறக்கவில்லை. பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் சண்டை பிடித்துக் களைத்து ஒரே வீட்டில் குடியிருக்கிற கதை, கடலிலிருந்து கடலுக்குப் போட்ட ரயில் பாதை, அதற்குக் கல்லுடைத்த சீனர்கள். முந்திய வருடம் நடந்த ஒன்றைச் சொன்னபோது உன் குரல் மாறியது.

"எங்கட பிரதமர் பார்லிமெண்டில எழும்பி நிண்டு மன்னிப்புக் கேட்டவர் மச்சான். அந்த மண்ணின்ர ஆதிச் சனத்தின்ர பிள்ளையளைப் பள்ளிக்கூடம் எண்டு பிடிச்சுக்கொண்டு போய், பாசையை மறக்கப் பண்ணினதுக்கு. ஒரு அரசாங்கம் ஒரு சனத்திட்டை மன்னிப்புக் கேக்குது. நான் ரீவிக்கு முன்னால இருந்து அழுதனான்."

'எங்கட' என்ற சொல் என் காதில் நின்றுவிட்டது. டென்மார்க்கின் பிரதமரை நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அதனால் கேட்டேன். "எங்கட பிரதமர் எண்டால், செய்த பிழையிலயும் உனக்குப் பங்கிருக்கோ?"

நீ தேநீரைச் சுற்றிச் சுற்றிக் கலக்கினாய். "என்ர வீடு அவையின்ர காணியிலதானே நிக்குது. காணி பறிகுடுத்திட்டு ஓடி வந்தவன், பறிச்ச காணியில வீடு வாங்கியிருக்கிறன். ஓம், பங்கிருக்குத்தான். எவ்வளவு எண்டு கேளாதை."

அந்த நாட்களில்தான் ரொறன்ரோவில் நம் சனம் போரை நிறுத்தக் கேட்டுப் பெருந்தெருவில் இறங்கி வாகனங்களை மறித்தது. றெஜினாவும் அதில் நின்றார். திரையில் ஒரு காரோட்டி கண்ணாடியை இறக்கி, உங்கள் நாட்டுக்குப் போங்கள் என்று கத்தினான். நீ எழுந்து நின்றுவிட்டாய். "நாங்கள் கனடியன்கள்ரா!" என்று என் சமையலறையில் தமிழில் அவனுக்குப் பதில் சொன்னாய். கொஞ்சம் கழித்து, "அம்புலன்ஸ் போக வழி விட்டவையோ தெரியேல்ல" என்றாய். பிறகு மெதுவாக, "நான் அங்க இருந்திருந்தால் றோட்டில நிண்டிருப்பனோ, காருக்குள்ள இருந்து ஹோர்ன் அடிச்சிருப்பனோ, எனக்கே விளங்கேல்ல" என்றாய்.

மறுநாள் பின்னேரம் உன் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்கு இங்கிருந்து தொலைபேசி எடுத்தாய். அண்ணனின் பெயர், வயது, கடைசியாக இருந்த இடம் எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டிச் சொன்னாய். அங்கே இருந்த பெண் திரும்பத் திரும்ப 'ஐ ஆம் சொறி' என்று வருத்தம் சொன்னாள். நீயும் அவளுக்கு சொறி சொன்னாய்.

"நீ ஏன்ரா சொறி சொல்றாய்?" என்றேன்.

"அவளுக்கு உண்மையாவே கவலை. அதுதான் கோவம்கூட வருகுதில்லை." உன் முகத்தைப் பார்த்தால் கோபம் வந்திருந்தால் நன்றாயிருக்கும் என்று நீ நினைப்பது போலிருந்தது.

போர் முடிந்தது என்றார்கள். சில நாட்களுக்குப் பிறகு, அகதி முகாமுக்கு வந்து சேர்ந்த ஒருவர் மூலமாகச் செய்தி வந்தது: கடற்கரையில் ஒரு பதுங்குகுழிக்குப் பக்கத்தில் அன்ரன் கிடந்ததைக் கண்டாராம். நீ என்னிடம் அறிவித்தல் எழுதச் சொன்னாய். ஒரு செய்திக்கு இரண்டு சாட்சி வேண்டும் என்ற என் பத்திரிகைத் தொழில் பழக்கத்தில் நான், கண்டவர் யார், முகத்தைக் கண்டாரா, வேறு யாரும் கண்டார்களா என்று கேட்டேன்.

"என்ர அண்ணைக்கும் ரெண்டு சாட்சி கேக்கிறியோ?"

நான் எழுதத் தொடங்கினேன். மன்னார் அடம்பனைப் பிறப்பிடமாகவும். வதிவிடம் என்ன என்றேன். நீ சொல்லச் சொல்ல எழுதினேன்: முழங்காவில், அக்கராயன், கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு. ஒவ்வோர் இடத்திலும் அவன் கொஞ்சக் காலம் இருந்து, கூரைத் தகரத்தைக் கழற்றிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனவன். அடுத்தது அந்தக் கடற்கரை. தாளை வாங்கிப் பார்த்தாய். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாய்.

"வேண்டாம். இதைப் போட்டால் அவன் செத்துப்போனான்."

உறுதிபூசுதல் நடந்தது. பாட்டு இல்லாமல், சாப்பாட்டோடு. உன் மருமகள் வெள்ளைச் சட்டையில் வந்து, பெரியமாமா வருவாரா என்று டேனிஷில் உன்னிடம் கேட்டாள். நீ மறந்திருந்த டேனிஷைத் தேடி எடுத்து, தெரியாது என்றாய்.

புறப்படுகிற காலையில் நீ இந்த மேசையில் இருந்து கறிக்கத்தியால் கொடியின் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாய். மூன்று ஓரம் முடிந்ததும் கத்தியை வைத்துவிட்டாய். "காணும், போதும், விடு" என்றாய். என்னிடம் சொன்னாயா, உன்னிடமே சொன்னாயா என்று தெரியவில்லை. பையை இங்கே விட்டுவிட்டு, தங்கை தந்த சூட்கேசோடு போனாய்.

அதற்குப் பிறகு உன் கனடா எனக்கு விளங்கவே இல்லை. ஒரு தேர்தலிலும் நீ வாக்குப் போடாமல் விட்டதில்லை, ஒவ்வொரு ஆடி மாதமும் கனடா தினத்துக்கு வாசலில் கொடி கட்டினாய், ஒவ்வொரு மே மாதமும் என்னை அழைத்து, "அண்ணையைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டியோ?" என்றாய். எனக்குக் கேள்விகள் இருந்தன. அந்த ஒரு ஓரத்தை ஏன் விட்டாய் என்றுகூடக் கேட்கவில்லை. பிரிக்க மனமில்லாமல் நிறுத்தினாயா, மிச்சத்தைப் பிறகு பிரிக்கலாம் என்று வைத்தாயா? எந்த விடை வந்தாலும் அதை நம்பியிருப்பேனா என்பதும் தெரியவில்லை.

இன்று காலை எழுதி முடித்தேன். மன்னார் அடம்பனைப் பிறப்பிடமாகவும், டென்மார்க் வைலேயை முன்னாள் வதிவிடமாகவும், கனடா ஸ்காபரோவை வதிவிடமாகவும் கொண்ட நீ. அனுப்புவதற்கு முன்னர் றெஜினாவுக்கு வாசித்துக் காட்டினேன். சகோதரர்களின் பெயர்கள் வந்த இடத்தில் அவர் என்னை நிறுத்தினார்.

"அன்ரன் அண்ணைக்கு முன்னால ஒண்டும் போடேல்லையோ, அண்ணை?"

"இல்லைப் பிள்ளை," என்றேன். "எனக்கு ரெண்டாவது சாட்சி இன்னும் கிடைக்கேல்ல."