பதினொரு மணி நேரத்தில் முடிந்த நாவல்

நீங்கள் கொடுத்த நாவலை இரண்டே நாளில், சரியாகப் பதினொரு மணி நேரத்தில் முடித்துவிட்டேன். ஏமாற்றம்தான். அட்டையில் காதல், மர்மம் என்று போட்டிருக்கிறார்கள். உள்ளே புருஷனும் பெண்டாட்டியும் ஒரே வீட்டில் இருந்துகொண்டு முந்நூறு பக்கத்துக்கு ஒருவரை ஒருவர் வேவு பார்க்கிறார்கள். "எங்க போயிட்டு வர்றே?" என்று அவன் ஒரு தடவை கேட்டிருந்தால் முப்பதாம் பக்கத்திலேயே கதை முடிந்திருக்கும்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். இன்று உங்களுக்கு லீவுதானே, நாலு மணிக்குக் குழாய்க்காரர் வருவார், இருங்கள். மாடிச் சாவி செருப்பு அலமாரியின் மேல்தட்டில்.

எண்பத்து நாலாம் பக்கத்தின் முனை மடிந்திருக்கிறது. மனைவி பொய் சொல்லிவிட்டு வெளியே போகிற இடம் அது. நான் மடிக்கவில்லை.

என் ஆய்வக வெள்ளைக் கோட்டை நேற்று நீங்கள் முகர்ந்து பார்த்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். மருந்து வாடை இல்லையே என்றுதானே?

குழாய்க்காரரிடம் சமையலறைக் குழாயையும் காட்டுங்கள்.

இன்னொன்று. "வேலைக்குப் போற ஆளு, அதுக்குள்ள எப்படி முடிச்சே?" என்று நேற்று ராத்திரி பல் தேய்த்துக்கொண்டே கேட்டீர்கள். பஸ்ஸில் படித்தேன் என்றேன். பஸ் பயணம் இருபது நிமிஷம் என்பது உங்களுக்கும் தெரியும். சிரித்துவிட்டுப் போய்விட்டீர்கள். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். என்னை வேலையைவிட்டு நிறுத்திப் பன்னிரண்டு நாள் ஆகிறது.