நோட்டீஸ் போர்டில் இல்லாத பெயர்

ஆழ்வார்குறிச்சி
மே 11, ஞாயிறு

அன்பு மகள் விஜயஸ்ரீக்கு அப்பா எழுதுவது. சிவசைலநாதர் கிருபையில் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், மெல்போர்ன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி சுப்ரஜாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, குற்றாலத்தில் சாரல் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, உடன்குடிக் கருப்பட்டியை வாங்கி வைத்துக்கொண்டு உங்கள் ஊருக்கு யாராவது போகிறார்களா என்று தெருவெல்லாம் விசாரிக்கிறாள். எனக்குச் சர்க்கரை நூற்று எழுபதில் நிற்கிறது, டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் நம் பள்ளிக்கூட மைதானத்தை எட்டுச் சுற்று நடக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன், காகிதத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் படமாக அனுப்புவதற்குக் காரணம் வேறு. உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் ஓட வேண்டிய போட்டி வருகிறது, சுப்ரஜா மாட்டேன் என்று அழுகிறாள், உடம்பு சரியில்லை என்று டீச்சருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றாய். நம்ம ஒடம்புக்கு ஓட்டமெல்லாம் எங்கப்பா வரும், நானே பத்தாங்கிளாஸ் செலக்சன்ல தேறலையே, அவளும் என்ன மாதிரிதான இருப்பா என்று சொல்லிச் சிரித்தாய். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். நான் கண்ணாடி துடைக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன், அங்கேயே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

விஜி, நீ தேறாமல் போகவில்லை. நான் முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தேன், பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்குப் போட வைப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது உனக்கே தெரியும். அதை ஒரு தொண்டு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன், பிள்ளைகள் ஜன்னல் வழியாக மைதானத்தையே பார்த்தால் கோபம் வேறு வரும். உன் பத்தாம் வகுப்பில் பி.டி. எடுத்த ஹெப்சிபா டீச்சர் எண்ணூறு மீட்டர் ஓட்டத்துக்கு ஆள் எடுத்தார் இல்லையா, நாலு நாலு பேராக வேறு வேறு நாள் ஓடவிட்டு நேரம் குறித்ததால் யார் முந்தியது என்று உங்களில் ஒருவருக்கும் தெரியாது. திங்கட்கிழமை பட்டியல் ஒட்டுவதற்கு முன்னால் டீச்சர் அதை எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்கு என்னிடம் வந்தார். சார், விஜி என்னமா ஓடுதா தெரியுமா, மொத பேரே அவதான், காலைல மட்டும் பிராக்டிசுக்கு அனுப்பி வைங்க, மாவட்டம் தாண்டிப் போயிருவா என்றார், அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நானோ, பத்தாங்கிளாஸ் படிக்க பொம்பளப் புள்ள டீச்சர், பேர எடுத்துருங்க, நான் சொன்னேம்னு அவட்ட சொல்லிராதீங்க என்று என் சிவப்புப் பேனாவை நீட்டினேன். அவர் அதை வாங்கி உன் பெயரை அடித்துவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் நீ வந்து, எம்பேரு இல்லப்பா, ரெண்டு தடவ பாத்துட்டேன் என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நமக்கு அதெல்லாம் வராதுன்னு தெரியும்லா, போயி கணக்கப் போடு என்றேன் பாவி. நீயும் போய்ப் போட்டாய். கணக்கில் தொண்ணூற்றெட்டு வாங்கினாய், நான் தெருவுக்கே லட்டு கொடுத்தேன், அதற்குப் பிறகு நீ ஓடி நான் பார்க்கவில்லை.

புதன்கிழமை மைதானத்தில் அதே ஹெப்சிபா டீச்சர் எதிரே நடந்து வந்தார். விஜி இப்பவும் ஓடுதாளா சார் என்று கேட்டார். மெல்போர்ன்ல இருக்கா என்றேன். அது சரி சார், ஓடுதாளான்னு கேட்டேன் என்றார். குத்திக்காட்டவில்லை, ஆசையாகத்தான் கேட்டார், எனக்குத்தான் அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூட நடக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு நாள் சாப்பிட வாங்க என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்றுத்தான், இத்தன வருசமா இத எப்பிடி வயித்துக்குள்ள வச்சிருந்தீய, மொதல்ல புள்ளைக்கு எழுதுங்க என்றாள்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அந்தச் சீட்டை எழுதாதே அம்மா. போட்டிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறதே, சாயங்காலம் அவள் படம் பார்க்கிற டேப்லெட்டை வாங்கி வைத்துவிட்டு அவளைப் பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போ, நீயும் கூட ஓடு. பைய ஓடட்டும், மூச்சு வாங்கினால் நடக்கட்டும், தண்ணீர் பாட்டிலை மறந்துவிடாதே. கடைசியாக வந்தாலும் வரட்டும், ஓடிப் பார்க்காமலே வராது என்று நம் வீட்டில் இன்னொரு பிள்ளையிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

மாப்பிள்ளைக்கும் பேத்திக்கும் எங்கள் ஆசிகள், பரமகல்யாணி அம்மன் உங்கள் மூவரையும் காக்கட்டும். என்மேல் கோபம் வந்தால் தாராளமாகத் திட்டு, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. பட்டியலில் உன் பெயருக்குப் பக்கத்தில் நேரம் எழுதியிருந்தது, பெயரை அடிக்கச் சொன்ன எனக்கு அந்த எண்ணை மறக்க முடியவில்லை. இரண்டு நிமிடம் நாற்பத்தாறு வினாடி. அது உன்னுடையது, சுப்ரஜாவிடம் இன்றைக்கே சொல்லு.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
அப்பா
பூதலிங்கம்