கஞ்சியில் கரைத்த மாத்திரை

பள்ளங்கி,
9.2.2025

மதிப்பிற்குரிய சுசித்ரா டாக்டரம்மா அவர்களுக்கு,

பள்ளங்கி சோலையம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. டிசம்பரில் உங்கள் வார்டில் நிமோனியா என்று சேர்த்த அழகரின் மனைவி. நலமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் கேட்கிறேன். உங்களைக் கடற்கரைப் பக்கம் எங்கோ மாற்றிவிட்டார்கள் என்று நர்ஸ் புவனா சொல்லி, விலாசமும் அவள்தான் தந்தாள். போனில் பேசச் சொன்னாள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பனி இன்னும் விடவில்லை. பீன்ஸ் கருகிப் போச்சு. என் கொழுந்தன் செல்வமுருகன்தான் தோட்டத்தைப் பார்க்கிறான். உங்கள் மேல் புகார் எழுதிக் கொடுத்தவனும் அவன்தான். வருகிற பதினான்காம் தேதி திண்டுக்கல்லில் விசாரணை. சாட்சி சொல்ல என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

அவரைச் சேர்த்த அன்று நீங்கள் முதலில் கேட்டது, "வேற எங்கயாவது மருந்து வாங்கிக் குடுத்தீங்களாம்மா?" என்றுதான். நான் இல்லை என்றேன். அது பொய். அதற்கு முந்தின இரண்டு நாளும் என் தம்பி குழந்தைவேலின் மருந்துக்கடையில் செட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தேன். மலையில் எல்லோரும் செய்வதுதான். காய்ச்சல் என்றால் கடையில் நாலைந்து மாத்திரையைப் பேப்பரில் மடித்துக் கொடுப்பான், பேர் கிடையாது, காலையில் ஒரு செட்டு, ராத்திரி ஒரு செட்டு. மறுநாள் ஆள் மண்வெட்டியைத் தூக்கிவிடுவான். கூலிக்காரனுக்கு அதுதான் வைத்தியம். உண்மையைச் சொன்னால் தம்பி பேர் கெட்டுவிடும் என்று மறைத்தேன்.

நீங்கள் அவர் மூக்கில் குச்சி விட்டு எடுத்தீர்கள், விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தீர்கள். கால் மணி நேரத்தில் வந்து பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் புரியும்படி சொன்னீர்கள். இது ஃப்ளூ, ஊசி கேட்கிற கிருமி இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற அளவு குறைவாக இருக்கிறது, இப்போதைக்கு ஆன்டிபயாடிக் ஊசி வேண்டாம், ஃப்ளூவுக்கு மாத்திரையும் ஆக்ஸிஜனும் போதும், தினமும் திரும்பப் பார்ப்போம், ஏறினால் அந்த நிமிடமே ஊசி போடுவேன் என்றீர்கள். வேறு எந்த டாக்டரும் எங்களிடம் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

ஆனால் ஊசி போடாத டாக்டரை எங்கள் ஊரில் யாரும் டாக்டர் என்று ஒத்துக்கொள்ள மாட்டோம். நெஞ்சில் சளி கட்டிக் கிடக்கிற ஆளுக்கு ஊசி இல்லையா என்று எனக்குக் கோபம் வந்தது. சின்னப் பெண், இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். தம்பிக்குப் போன் போட்டேன். அவன் பஸ்ஸில் ஆறு செட்டு கொடுத்துவிட்டான். இரண்டு நாள், நீங்கள் ரவுண்ட்ஸ் முடித்துப் போன பிறகு, கஞ்சியில் கரைத்து அவருக்குக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

அவர் வேண்டாம் என்றார். "அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டுக் குடுடி" என்றார். நான் அதட்டிக் குடிக்க வைத்தேன். கட்டிய நாளிலிருந்து என் பேச்சைத் தட்டாத மனிதர், அன்றைக்கும் தட்டவில்லை.

காய்ச்சல் இறங்கியது. இரண்டாவது முறை ரத்தம் எடுத்தபோதும் அளவு குறைவுதான். நீங்கள் சிரித்துக்கொண்டே, "நாளன்னிக்கு வீட்டுக்குப் போயிரலாம்" என்றீர்கள். என் மாத்திரைதான் கேட்டது என்று நான் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

நாலாம் நாள் வெள்ளனே அவருக்கு உதடு நீலமாகிவிட்டது. நீங்கள் ஓடி வந்தீர்கள், ஊசிகள் போட்டீர்கள், ஆம்புலன்சில் நீங்களே ஏறினீர்கள். மலை இறங்கி வத்தலக்குண்டு போய்ச் சேரும் வரைக்கும் அந்தப் பையை அமுக்கி அமுக்கி அவருக்கு மூச்சு கொடுத்தீர்கள். அவர் போன பிறகும் கொஞ்ச நேரம் நீங்கள் நிறுத்தவில்லை. செல்வமுருகன் உங்கள் முகத்துக்கு நேராக, "ஊசி போடாமயே எங்கண்ணனக் கொன்னுட்டியே" என்று கத்தினான். நான் அவனைத் தடுக்கவில்லை.

அப்போது எனக்கு உண்மை தெரியாது, டாக்டரம்மா. முப்பதாம் நாள் துக்கம் கேட்க வந்த புவனாதான் சொன்னாள். உடம்பு வலி என்றாள். நான் மீதமிருந்த செட்டில் ஒன்றை எடுத்து, இதைப் போடு, அவருக்கும் இதுதான் கொடுத்தேன் என்றேன். அவள் பேப்பரைப் பிரித்துப் பார்த்து, ஒரு குட்டி வெள்ளை மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா, இது ஸ்டீராய்டு. காய்ச்சல அமுக்கிரும், அந்த ரத்த டெஸ்டையும் கொறச்சுக் காட்டிரும். உள்ள சீக்கு அது பாட்டுக்கு வளந்திருக்கும்" என்றாள். ஃப்ளூவோடு இன்னொரு கிருமியும் சேர்ந்திருக்கும், மாத்திரை கொடுத்ததைச் சொல்லியிருந்தால் டாக்டரம்மா அந்த அளவை நம்பியிருக்க மாட்டார்கள் என்றும் சொன்னாள்.

அன்றைக்கே கடைக்கு ஓடினேன்.

தம்பியிடம் கேட்டேன். "எல்லாருக்கும் குடுக்கிறதுதானக்கா" என்று அழுதான். பிறகு, நீ வாயைத் திறந்தால் கடையைப் பூட்டிவிடுவார்கள், என்னையும் உள்ளே வைத்துவிடுவார்கள் என்றான். அம்மா செத்தபோது அவனுக்கு மூன்று வயது. நான் வளர்த்தவன். இப்போதும் அவன் கடையில் கூட்டம்தான்.

உங்கள் வார்டில் மூக்கிலும் விரலிலும் எடுக்கிற அந்த டெஸ்ட் பெட்டிகளை இப்போது பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். ஒரு சாவு விழுந்த பிறகு அதைத் தொட யாருக்கும் தைரியம் இல்லை. இருமலோடு வருகிற குழந்தைக்குக்கூட முதலில் பெரிய ஊசிதானாம். புவனா வருத்தப்பட்டுச் சொன்னாள். ஊரில் எல்லோருக்கும் திருப்தி. நல்ல டாக்டர் வந்திருக்கிறார் என்கிறார்கள்.

புகாரை விசாரிக்க வந்தவர்கள் முன்பு எழுதி வாங்கியபோது, வெளி மருந்து எதுவும் கொடுக்கவில்லை என்றுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பதினான்காம் தேதி அதை மாற்றிச் சொல்லப் போகிறேன். மிச்சமிருக்கும் இரண்டு பொட்டலங்களையும் கொண்டுபோகிறேன். செல்வமுருகன் என்ன செய்வான் என்று தெரியாது. தம்பி என் முகத்தில் முழிக்க மாட்டான். அது என் பாடு. நீங்கள் அன்றைக்குக் கட்டாயம் வர வேண்டும். என் தப்புக்கு வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறீர்களாமே, புவனா சொன்னாள். அதை மட்டும் செய்துவிடாதீர்கள். எங்களைப் போன்றவர்கள் இன்னும் பொய் சொல்லிக்கொண்டுதான் வருவோம். மூன்று முறை, நாலு முறை கேளுங்கள். தலைமாட்டில் இருக்கும் கூடையைத் திறந்து பாருங்கள். கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் நாளே நான் உண்மையைச் சொல்லி, நீங்கள் அந்த ஊசியைப் போட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பாரா? உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் கடிதத்துக்குப் பதில் போட்டால் எல்லாவற்றையும் எழுதுங்கள், என்னைத் திட்டியும் எழுதுங்கள். இதற்கு மட்டும் பதில் எழுத வேண்டாம் தாயி.

பழனி ஆண்டவன் உங்களை நோய்நொடி அண்டாமல் காக்க வேண்டும்.

இப்படிக்கு,
அழகர் மனைவி
சோலையம்மாள்