திரையில் ஒரு கோப்பை

மார்ச் 4
இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், யார் படிக்கப்போகிறார்கள்?

இன்று ஆஸ்பத்திரியில் நான்காவது அமர்வு. தலையில் மூளையின் சிக்னலைப் பிடிக்கிற குல்லாவை மாட்டி, ஒவ்வொரு ஓட்டைக்குள்ளும் பசையை விட்டு, முடியைக் குதறிவைத்தாள் அந்தக் கம்ப்யூட்டர் பெண். இருபத்திரண்டு வருடம் முடி வெட்டிப் பிழைத்தவள் நான். என் தலையில் நேராக ஒரு வகிடு எடுக்கத் தெரியவில்லை அவளுக்கு.

"வலது கையால கோப்பையைத் தூக்குற மாதிரி நினைங்க மேடம்."

நினைக்கிறேன். பக்கவாதம் வந்த நாளிலிருந்து வேறென்ன நினைக்கிறேன்? திரையில் கோப்பை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. பத்து அமர்வுக்குள் மூளையிலிருந்து சிக்னல் கிடைத்தால்தான், விரல்களை மடக்கி நீட்டும் கையுறையைத் தருவார்களாம். இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடுவார்கள்.

மார்ச் 7
அசையவில்லை.

மார்ச் 11
தங்கை எனக்குப் பொத்தான் போட்டுவிடுகிறாள், செருப்பு மாட்டிவிடுகிறாள். கேட்காமலே செய்கிறாள். இன்று பஸ்ஸில், "கடையை யாருக்காவது விட்டுடலாம்க்கா" என்றாள், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என் கடை அது.

அந்தக் கோபத்தோடேயே போய் உட்கார்ந்தேன். கோப்பை எழுந்தது! ஆறு முறை. தங்கை அழுதுகொண்டே வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்.

மார்ச் 14
பல். கை இல்லை, பல்!

கோபத்தில் பல்லைக் கடித்திருக்கிறேன். தாடைச் சதையின் துடிப்பைத்தான் குல்லா மூளை என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. "சாரி மேடம், அன்னிக்கே நான் கவனிச்சிருக்கணும்" என்கிறாள் கம்ப்யூட்டர் பெண். கவனித்திருக்கணுமாம். ஊரெல்லாம் வாழ்த்து சொல்லி முடித்த பிறகு சொல்கிறாள். இனிமே அந்த மூஞ்சிங்களை எப்படிப் பாக்குறது? ஏன்தான் அனுப்பித் தொலைச்சாளோ —

மார்ச் 18
தாடையில் இரண்டு ஒயர் ஒட்டியிருக்கிறாள், நான் பல்லைக் கடித்தால் தெரிய. வாயைத் தளர்த்தித் திறந்தே வைத்திருக்க வேண்டுமாம். வாயைப் பிளந்துகொண்டு கோபப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. கோப்பை அசையவில்லை.

மார்ச் 21
ஒன்பதும் வீண். வீட்டுக்கு வந்ததும் தங்கையிடம் கத்தினேன். அடுத்த தடவை நீ வராதே என்றேன்.

"நான் வராம? உன்னை யார் கூட்டிட்டுப் போறது?"

அவள் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 25
கடைசி அமர்வு. முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. வாய் திறந்தே இருந்ததில் எச்சில் வடிந்தது. தங்கை கைக்குட்டையோடு ஓடி வந்தாள், குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி. சீ, எடு கையை என்று தட்டிவிடப் போனேன். வலது கையால். கை எங்கே போனது, மடியிலேயே கிடந்தது.

கோப்பை எழுந்தது.

கம்ப்யூட்டர் பெண் திரையில் தாடை ஒயர் காட்டும் கோட்டை இரண்டு முறை பார்த்தாள். "பல்லு இல்ல மேடம். இப்ப என்ன நினைச்சீங்க?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. தங்கைக்குப் புரிந்துவிட்டது.

"என்னைத் தட்டிவிட்டியாக்கா?"

"ஆமா."

கைக்குட்டையைப் பையில் போட்டுவிட்டு, வெறுங்கையை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"இன்னொரு தடவை தட்டு."

பதினோரு தடவை தட்டினேன். ஒன்பது தடவை கோப்பை எழுந்தது. கை வலிக்குது என்று அவள்தான் முதலில் இறக்கினாள்.